நடுக்கம் வர முதலே அப்பாவின் வயிறு சொல்லியிருக்கிறது: பாக்கின்சன் பற்றி ஒரு கேள்வி

இணுவில்மகள் (ஞாயிறு, இரவு 8.10)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 69 வயது. நாற்பது வருடம் தோட்டம் செய்தவர். வெங்காயம், புகையிலை, இடைக்கிடை மிளகாய். போன மாசியில் அவருக்குப் பாக்கின்சன், அதாவது நடுக்குவாதம், என்று சொன்னார்கள். வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் சும்மா இருக்கும்போது, சுருட்டுக்குப் புகையிலை உருட்டுவது மாதிரி ஒன்றோடொன்று உருண்டுகொண்டே இருக்கும். கையில் ஏதாவது கொடுத்தால் நின்றுவிடும்.

கிளினிக்கில் டொக்டர் கையைப் பார்ப்பார் என்று நினைத்தோம். அவர் முதலில் கேட்டது, "ஐயா, வெளிக்கு ஒழுங்காப் போகுதோ?" அப்பா நிலத்தைப் பார்த்தார். அம்மாதான் சொன்னார், பத்துப் பன்னிரண்டு வருடமாக மூன்று நாலு நாளைக்கு ஒருமுறைதான் என்று. அடுத்தது, "மணம் தெரியுதோ?" வீட்டில் பால் கருகி, குசினி முழுக்கப் புகை பரவியபோதும் அப்பா பக்கத்தில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "நித்திரையில் கத்துறவரோ, கை காலை அடிக்கிறவரோ?" என்றார். அந்தக் கேள்விக்கு அம்மா அழுதுவிட்டார்.

ஏனென்றால் அப்பா பல வருடமாக இரவில் கத்துவார். கையை ஓங்கி அடிப்பார். ஒருநாள் அம்மாவின் கன்னத்தில் பட்டு வீங்கியது. நாங்கள் எல்லோரும் 95இல் போரால் ஊரே வெளிக்கிட்ட இடப்பெயர்வின் நினைவு என்று விட்டுவிட்டோம். அன்றிரவு அப்பாதான் அப்பம்மாவைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தவர். அந்தக் கனவுதான் வருகிறது என்று அம்மா தலையைத் தடவிப் படுக்க வைப்பார்.

என் கேள்வி இதுதான். மூளையில் வந்த வருத்தம் வயிற்றைக் கெடுத்ததா, வயிற்றில் வந்தது மூளைக்கு ஏறியதா? நாங்கள் கவனித்திருந்தால் தடுத்திருக்கலாமா? இந்த இரண்டாவது கேள்விதான் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை.

---

ஓய்வுநேர்ஸ் (ஞாயிறு, இரவு 9.02)

பிள்ளை, முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில். தடுத்திருக்க முடியாது. இந்த வருத்தத்தை நிறுத்துகிற, அல்லது மெதுவாக்குகிற என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றைக்கும் உலகத்தில் இல்லை. இருக்கிற மருந்தெல்லாம் நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைத்து, ஆளை நடமாட வைக்கிறவைதான். பன்னிரண்டு வருடம் முன்பு நீங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாலும் மலச்சிக்கலுக்குத்தான் மருந்து தந்திருப்பார்கள். அந்த வயதில் மலச்சிக்கல் உள்ள நூறு பேரில் மிகப் பெரும்பாலானோருக்குப் பாக்கின்சன் வராது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் நின்றவள். ஆம்பிளைகள் நெஞ்சுநோவைச் சொல்லுவார்கள், சலம் போகக் கஷ்டம் என்பதையும் கடைசியில் சொல்லிவிடுவார்கள். வெளிக்குப் போகவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் "சூடு" என்பார்கள். உடம்புச் சூடு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எங்கள் ஆட்கள் எத்தனை வருத்தத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா?

அம்மாவிடம் சொல்லுங்கள், இரவில் அடித்தது அவரை அல்ல. நித்திரையில் கனவு காணும் நேரம் எங்கள் உடம்பு அசையாதபடி மூளைத்தண்டு பூட்டிவைக்கும். அந்தப் பூட்டு பழுதானால் கனவில் செய்வதை ஆள் கட்டிலில் செய்வார். கட்டிலைச் சுவரோடு போடுங்கள், பக்கத்தில் மேசை, போத்தல் ஒன்றும் வேண்டாம். அம்மா தனிக் கட்டிலில் படுக்கட்டும். இதற்கு மருந்தும் இருக்கிறது, கிளினிக்கில் கேளுங்கள்.

---

உயிரியல்சேர் (ஞாயிறு, இரவு 10.20)

முதல் கேள்விக்கு நான் முயற்சி செய்கிறேன். ஏ.எல். பிள்ளைகளுக்கு நரம்புத்தொகுதி படிப்பிக்கிறவன், இந்த விஷயத்தில் சில வருடமாக வாசித்தும் வருகிறேன்.

நடுமூளையில் கரும்பொருள் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. வெட்டிப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும். அங்குள்ள கலங்கள், உடம்பின் அசைவுக்கு மூளைக்குத் தேவையான டோபமின் என்ற இரசாயனத்தைச் செய்கின்றன. பாக்கின்சன் ஆளின் மூளையில் அந்தக் கறுப்பு வெளிறிப் போயிருக்கும். கை ஆடத் தொடங்குகிற நாளில் அந்தக் கலங்களில் ஏறத்தாழ அரைவாசி ஏற்கெனவே போய்விட்டன. அதாவது நாங்கள் "தொடக்கம்" என்று சொல்வது நோய்க்கு நடுப்பகுதி.

செத்துக்கொண்டிருக்கும் கலங்களுக்குள் உருண்டையாக ஒன்று கிடக்கும். 1912இல் ஜெர்மனியில் லூயி என்ற மருத்துவர் கண்டு எழுதியது, அவர் பெயரால் லூயி உருண்டைகள் என்கிறார்கள். அது எதனால் ஆனது என்று 1997இல்தான் தெரியவந்தது: அல்பா சினுக்ளீன் என்ற புரதம், மடிய வேண்டிய விதத்தில் மடியாமல் கட்டிபட்டுக் கிடக்கிறது. கெட்டுப்போன புரதம் பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கு மாற்றும். ஒரு சொட்டுத் தயிர் ஒரு சட்டிப் பாலை உறைய வைப்பது போல என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன்.

இதே உருண்டைகள் குடல் சுவரில் உள்ள நரம்புகளிலும் இருப்பதை 1980களிலேயே பார்த்துவிட்டார்கள். குடலுக்கென்று 10 கோடிக்கு மேல் நரம்புக் கலங்கள் இருக்கின்றன. அந்தக் கலங்கள் பழுதானால் குடல் தள்ளுகிற வேகம் குறையும். மலச்சிக்கல் அதுதான்.

2003இல் பிராக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இறந்துபோன பலரின் மூளைகளை ஒப்பிட்டு, இந்தப் புரதம் ஒரு ஒழுங்கில் ஏறுகிறது என்றார். முதலில் இரண்டு இடம். ஒன்று மூக்கில் இருந்து மணம் வந்து சேரும் பகுதி. மற்றது மூளையின் அடியில் முகுளத்தில், வயிற்றுக்குப் போகும் வேகஸ் நரம்பு புறப்படும் இடம். பிறகு நித்திரையோடு தொடர்புள்ள மூளைத்தண்டுப் பகுதிகள். அதற்குப் பிறகே கரும்பொருள். கடைசியில் சிந்தனைக்குரிய மேற்பட்டை.

இப்போது உங்கள் டொக்டர் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். வயிறு, மூக்கு, நித்திரை. அவர் அந்தப் பாதையைத்தான் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்திருக்கிறார்.

---

மருத்துவபீடம்3 (திங்கள், காலை 6.45)

சேர் மிக அழகாகச் சொல்லியிருக்கிறார். ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன், "குடலில் இருந்துதான் வருகிறது" என்று எல்லோரும் முடிவு கட்டிவிடக்கூடாது என்பதற்காக.

குடலுக்குச் சாதகமான சான்றுகள் இருக்கின்றன. முன்பு வயிற்றுப்புண்ணுக்கு வேகஸ் நரம்பை வெட்டுவார்கள். டென்மார்க்கில் 2015இலும் சுவீடனில் 2017இலும் பழைய பதிவுகளைப் பார்த்தபோது, நரம்பை அடியோடு வெட்டியவர்களுக்குப் பல வருடம் கழித்துப் பாக்கின்சன் வந்தது குறைவாகத் தெரிந்தது. சின்னக் கிளையை மட்டும் வெட்டியவர்களில் அப்படி இல்லை. 2019இல் அமெரிக்காவில் எலிகளின் குடல் சுவரில் கெட்ட புரதத்தை ஏற்றினார்கள், அது மூளைக்கு ஏறியது. வேகஸ் நரம்பு வெட்டப்பட்ட எலிகளில் ஏறவில்லை.

ஆனால் பாக்கின்சனால் இறந்த எல்லோருடைய மூளையும் பிராக் சொன்ன ஒழுங்கில் இல்லை. சிலரில் முகுளம் சுத்தமாக இருக்க மேலே பழுது இருக்கிறது. குடல்வால் எடுத்தவர்களுக்கு ஆபத்துக் குறைவு என்று 2018இல் ஒரு ஆய்வு வந்தது, பிறகு வந்த வேறு ஆய்வுகள் அதற்கு மாறாகச் சொல்லின. டென்மார்க்கின் போர்ஹாமர் என்ற ஆய்வாளரின் குழு இரண்டு வகை என்கிறது. ஒன்றில் உடம்பில் தொடங்கி மூளைக்கு ஏறும், இவர்களுக்கு மலச்சிக்கலும் நித்திரையில் கத்துவதும் முதலில் வரும். மற்றதில் மூளையில் தொடங்கிக் கீழே இறங்கும், இவர்களுக்கு நடுக்கம் முதலில் வரும், வயிறு பிறகு கெடும். ஏ9 வீதியில் இரண்டு திசையிலும் வாகனம் ஓடுகிற மாதிரி.

அக்கா, உங்கள் அப்பாவின் கதை முதல் வகையைத்தான் ஒத்திருக்கிறது. ஆனால் எந்த வகை என்றாலும் இன்றைக்குக் கொடுக்கிற மருந்து ஒன்றுதான்.

---

வல்வைத்தம்பி (திங்கள், காலை 9.30)

எனக்கு 34 வயது, இரண்டு வருடமாக மலச்சிக்கல். இதை வாசித்த பிறகு நெஞ்சு படபடக்கிறது. அப்போ எனக்கும் வருமா?

---

ஓய்வுநேர்ஸ் (திங்கள், காலை 10.05)

தம்பி, மூச்சை விடுங்கள். ஹொனலுலுவில் ஆயிரக்கணக்கான ஆண்களை 20 வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2001இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நாளுக்கு ஒருமுறைகூட வெளிக்குப் போகாதவர்களில் பாக்கின்சன் வந்த விகிதம் கூட இருந்தது உண்மை. ஆனால் அவர்களிலும் மிகச் சிலருக்குத்தான் வந்தது. 34 வயதில் தண்ணீர் குடிக்காதது, இருந்த இடத்தில் வேலை, பாணும் பேக்கரிச் சாப்பாடும், இவைதான் முதல் காரணம். தைரொயிட் ஒருக்கா பாருங்கள். இரத்தம் போனாலோ நிறை குறைந்தாலோ உடனே டொக்டரிடம் போங்கள். அது வேறு வருத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

---

கரவெட்டியான் (திங்கள், இரவு 7.50)

நான் ஆராய்ச்சி ஒன்றும் அறியாதவன். அம்மாவை ஆறு வருடமாகப் பார்க்கிறேன். வயிறு எப்படித் தொடங்கியது என்பதைவிட, இன்றைக்கு வயிறு என்ன செய்கிறது என்பதுதான் எங்கள் வீட்டில் பிரச்சினை. ஏனென்றால் குளிசை வயிற்றுக்குள்ளால்தான் போக வேண்டும்.

லெவோடோபா என்பது மூளையில் டோபமினாக மாறுகிற மருந்து. அந்தக் குளிசை இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. இரைப்பை அதைச் சிறுகுடலுக்குத் தள்ளிவிட வேண்டும், அங்கேதான் இரத்தத்தில் சேரும். இந்த வருத்தத்தில் இரைப்பை தள்ளுவதே மந்தம். குளிசை உள்ளே சும்மா கிடக்கும். அம்மா எட்டு மணிக்குக் குளிசை போட்டுவிட்டுக் கதிரையில் கல்லுப்போல இருப்பார், பத்து மணி ஆகும் கை திறக்க. நாங்கள் மருந்து வேலை செய்யவில்லை, கூட்டித் தரச் சொல்லுங்கள் என்று கிளினிக்கில் சண்டை பிடித்தோம்.

அங்கே ஒரு மிஸ் கேட்டார், "அம்மா குளிசையை எதோட போடுறவ?" புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்ட கையோடு, பால்தேத்தண்ணியோடு என்றேன். அவர் விளங்கப்படுத்தினார். மீன், இறைச்சி, முட்டை, பால், பயறு, பருப்பு எல்லாவற்றிலும் புரதம். புரதம் உடைந்து வருகிற அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலால்தான் உள்ளே போக வேண்டும். மூளைக்குள் போகிற வாசலும் அப்படித்தான். கூட்டம் கூடினால் குளிசை வெளியே நிற்கும்.

இப்போது ஆறு மணிக்குக் குளிசை, ஒரு பெரிய கிளாஸ் வெறும் தண்ணீரோடு. ஆறரைக்கு மேல்தான் சாப்பாடு. காலையில் இடியப்பம், சொதி, பழம். மீன் இரவுக்கு. புரதத்தை நிறுத்தவில்லை, அது நிறுத்தவே கூடாது, ஆள் மெலிந்துவிடுவார். நேரத்தை மட்டும் மாற்றினோம். குளிசையின் அளவு அதேதான். ஏழு மணிக்கு அம்மா தானே தலை இழுக்கிறார்.

இரும்புச்சத்துக் குளிசையையும் இதோடு சேர்த்துப் போட வேண்டாம் என்றார்கள், இரண்டு மணி நேர இடைவெளி விடுகிறோம்.

---

இணுவில்மகள் (திங்கள், இரவு 9.15)

கரவெட்டியான் அண்ணா, இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா தோட்டக்காரப் பழக்கம், காலையில் முட்டைக்கோப்பி குடித்த கையோடு குளிசை போடுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்து தொடங்கிய முதல் மாதம் அப்பாவுக்கு ஓங்காளமும் சத்தியும். இரவு நேரம், பக்கத்தில் ஒரு தனியார் இடத்துக்கு ஓட்டோவில் கொண்டுபோனோம். சத்தி நிற்க ஒரு குளிசை தந்தார்கள். கையில் வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நாலாம் நாள் அப்பாவால் கட்டிலில் புரளவே முடியவில்லை. முகம் மரம் மாதிரி. வாயால் எச்சில் வழிந்தது. வருத்தம் முற்றிவிட்டது என்று சொந்தக்காரர் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

---

மருத்துவபீடம்3 (திங்கள், இரவு 9.40)

அக்கா, அந்தக் குளிசை மெட்டோகுளோபிரமைட்டா? அட்டையைப் பாருங்கள்.

---

இணுவில்மகள் (திங்கள், இரவு 9.52)

ஓம். அதேதான்.

---

மருத்துவபீடம்3 (திங்கள், இரவு 10.15)

அந்தக் குளிசை மூளைக்குள் போய் டோபமின் வேலை செய்கிற இடத்தையே அடைத்துவிடும். இருக்கிற கொஞ்ச டோபமினும் பயன்படாமல் போகும். புரோகுளோபெரசின் என்ற மற்றச் சத்திக் குளிசையும் அப்படித்தான். தலைச்சுற்றுக்குக் கொடுக்கிற சினரிசினும் பாக்கின்சன் ஆட்களுக்கு ஆகாது. சத்திக்கு டொம்பெரிடோன் பொதுவாக மூளைக்குள் போகாது, அதனால் அதைத்தான் தெரிவு செய்வார்கள். ஆனால் இதயத் துடிப்பில் பிரச்சினை உள்ளவர்களுக்கு அதிலும் கவனம் வேண்டும், டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

அப்பாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் இந்தப் பெயர்களை எழுதிவையுங்கள். எந்த அவசரத்துக்கு எங்கே போனாலும் கொப்பி கையோடு போகட்டும். எவர் சொன்னாலும் லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்த வேண்டாம், அது ஆபத்து.

எச்சில் பற்றி: எச்சில் கூடச் சுரப்பதால் அல்ல, விழுங்குவது குறைவதால்தான் வழிகிறது. சாப்பிடும்போது இருமினால், தண்ணீர் குடிக்கும்போது புரைக்கேறினால், அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

---

சுன்னாகம்பேத்தி (செவ்வாய், காலை 8.00)

அப்பப்பாவுக்குப் பூனைக்காலி விதைத் தூள் கொடுக்கச் சொல்லி ஒருவர் சொன்னார். இயற்கையானது, பக்கவிளைவு இல்லை என்கிறார். கொடுக்கலாமா?

---

உயிரியல்சேர் (செவ்வாய், காலை 8.40)

பிள்ளை, பூனைக்காலி விதையில் இருப்பது அதே லெவோடோபாதான். ஆகவே வேலை செய்யும் என்பது பொய்யல்ல. பிரச்சினை அளவு. ஒரு கரண்டித் தூளில் எவ்வளவு இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. கிளினிக் குளிசையில் கார்பிடோபாவும் சேர்ந்திருக்கிறது, அது லெவோடோபா மூளைக்குப் போக முதல் உடம்பில் வீணாகாமல் காக்கும், ஓங்காளத்தையும் குறைக்கும். தூளில் அது இல்லை. ஏற்கெனவே குளிசை எடுக்கிறவருக்கு மேலே இதையும் கொடுத்தால் பிரஷர் இறங்கி விழலாம், இல்லாததைக் காணலாம். டொக்டருக்கு ஒளித்துக் கொடுக்க வேண்டாம்.

---

ஓய்வுநேர்ஸ் (செவ்வாய், மாலை 4.30)

மலச்சிக்கலுக்கு வருகிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த பாடம்.

இணுவில்பிள்ளை, வீட்டு மலசலகூடம் எங்கே இருக்கிறது? உள்ளேயா, வளவுக்குள்ளா? குந்துகிறதா, கொமட்டா?

---

இணுவில்மகள் (செவ்வாய், மாலை 6.10)

வளவுக்குள், கிணற்றடி தாண்டி. குந்துகிறதுதான். அப்பா பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீரே குடிக்க மாட்டார், இரவில் இருட்டில் போக வேண்டி வரும் என்று.

---

ஓய்வுநேர்ஸ் (செவ்வாய், மாலை 7.00)

அதைத்தான் நினைத்தேன். இதில் பாதி வருத்தம் அந்தப் பாதையில் கிடக்கிறது.

குந்தியிருப்பது வயிற்றுக்கு நல்லது, குடலின் கடைசி வளைவு நேராகும். ஆனால் தசை இறுகியவர் குந்தினால் எழும்ப மாட்டார். ஒருமுறை உள்ளே விழுந்தவர் அடுத்தமுறை முட்டினாலும் அடக்கிக்கொள்வார். அடக்க அடக்க மலம் காய்ந்து கல்லாகும். இந்த வருத்தத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: முக்கும்போது தளர வேண்டிய அடித்தசை தளராமல் இறுகிக்கொள்ளும். கை கால் இறுகுவது மாதிரியே. அதனால் முக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

நடுவில் ஓட்டை உள்ள கொமட் கதிரை ஒன்று வாங்கி அறைக்குள் வையுங்கள். காலடியில் ஒரு சின்ன ஸ்டூல், முழங்கால் இடுப்புக்கு மேலே வரட்டும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, சாப்பிட்டு அரை மணி நேரத்தில் இருத்துங்கள், முட்டினாலும் முட்டாவிட்டாலும். அந்த நேரம்தான் குடல் தானாக அசையும். கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். மகள் பார்த்துக்கொண்டு நின்றால் எந்தத் தகப்பனுக்கும் போகாது.

சாப்பாட்டில் பப்பாசிப்பழம், முருங்கைக்கீரை, குரக்கன், தவிடு நீக்காத அரிசி. இசப்புகோல் உமி கொடுப்பதென்றால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே உள்ளே அடைத்துவிடும். விளக்கெண்ணெய் கிழமைக்குக் கிழமை கொடுத்துக் கலக்குவதை நிறுத்துங்கள். மக்ரோகோல் தூள் கிடைத்தால் நல்லது, குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும். லக்டுலோஸ் பாணியும் உதவும், வயிறு கொஞ்சம் ஊதும். அளவை கிளினிக்கில் கேளுங்கள். வயிறு சுத்தமானால் குளிசையும் ஒழுங்காக வேலை செய்வதை நான் எத்தனையோ பேரில் பார்த்திருக்கிறேன்.

---

உயிரியல்சேர் (செவ்வாய், இரவு 8.25)

இடையில் ஒரு செய்தி. லண்டனில் ஜேம்ஸ் பாக்கின்சன் 1817இல் இந்த நோயை முதன்முதல் விவரித்து எழுதியபோது, அவர் எழுதியது ஆறு பேரைப் பற்றித்தான். அந்தச் சிறு நூலிலேயே நோயாளிகளின் குடல் மந்தமாக இருப்பதைக் குறிப்பிட்டிருக்கிறார். 200 வருடம் முன்பே ஒருவர் கண்டு எழுதியதை எங்கள் வீடுகளில் இன்னும் சூடு என்கிறோம்.

---

இணுவில்மகள் (அடுத்த திங்கள், இரவு 8.45)

எல்லோருக்கும் நன்றி, என்ன நடந்தது என்று சொல்ல வந்தேன்.

கொமட் கதிரைக்கு அப்பா முதலில் சம்மதிக்கவில்லை. "நான் என்ன படுக்கையில விழுந்திட்டனோ?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் அறை மூலையில் வைத்து, தன்னுடைய பழைய சேலையால் திரை கட்டிவிட்டார். மூன்றாம் நாள் காலை அப்பாவே போய் இருந்தார். அன்றைக்கு ஒன்றும் இல்லை. நாலாம் நாள் போனது. இப்போது ஒன்றுவிட்ட நாள் போகிறார்.

குளிசை ஆறு மணிக்குத் தண்ணீரோடு. முட்டைக்கோப்பி பின்னேரத்துக்கு மாறிவிட்டது, அதற்குத்தான் பெரிய வாக்குவாதம். அந்தச் சத்திக் குளிசை நிறுத்திய பிறகு முகம் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. நேற்று பேரன் விழுந்து எழும்பியதைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தது முகத்தில் தெரிந்தது.

மணம் மட்டும் வரவில்லை, வராது என்று கிளினிக்கில் சொன்னார்கள். அம்மா கறி தாளிக்கும்போது "இப்ப கருவேப்பிலை போட்டிட்டன்" என்று குசினியில் இருந்து சத்தமாகச் சொல்கிறார்.

ஒரு கேள்வி. வியாழன் கிளினிக். நம்பர் எடுக்க விடிய ஐந்தரைக்கு வீட்டில் இருந்து வெளிக்கிட வேண்டும். டொக்டரைப் பார்க்கப் பதினொன்று ஆகும். குளிசை, சாப்பாட்டை எப்படிச் சமாளிப்பது?

---

கரவெட்டியான் (அடுத்த திங்கள், இரவு 9.20)

நாங்களும் அப்படித்தான் போவோம், தங்கச்சி. வெளிக்கிட முதல் ஐந்து மணிக்கே குளிசை கொடுங்கள், அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் என்று கொப்பியில் எழுதுங்கள். இடியப்பமும் சம்பலும் பெட்டியில் கட்டி, வரிசையில் இருந்து ஆறு மணிக்குச் சாப்பிடக் கொடுங்கள். அடுத்த குளிசையையும் தண்ணீர்ப் போத்தலையும் உங்கள் கைப்பையில் வையுங்கள், நேரம் வந்தால் டொக்டர் கூப்பிடும்வரை பார்த்திருக்க வேண்டாம், அங்கேயே கொடுத்துவிடுங்கள். வெளிநோயாளர் பக்கத்தில் கொமட் உள்ள மலசலகூடம் எது என்று போனவுடன் கேட்டு வையுங்கள்.

நானும் வியாழன்தான் அம்மாவைக் கொண்டுவருகிறேன். சிவப்பு மூடி போட்ட தண்ணீர்ப் போத்தல் வைத்திருப்பேன்.